ஜீப்போடு ஏறி இறங்கிய போன்

எனக்குச் சந்தேகபுத்தி என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லுவார். சொல்லட்டும். குரங்கணிக்கு மேலே அப்பா என் பெயருக்கு எழுதிவைத்த ஏலத்தோட்டத்தை அந்தப் புத்திதான் காத்து வருகிறது.

ஏலக்காய்த் திருட்டுக்குப் பயந்து, தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் கேமரா வைத்தோம். படம் போடியிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வர, மொட்டைமாடியில் வயர்லெஸ் பிரிட்ஜ் என்று கம்பியில்லாமல் இரண்டு இடத்தை இணைக்கும் ஒரு பெட்டி, ஸ்டோர் கூரையில் அதன் ஜோடி. போன், கேமரா என்று எந்தக் கருவி எந்தப் பக்கமிருந்து பேசுகிறது என்று அது தானே தெரிந்துகொள்ளும். மலையிலிருக்கும் கருவிக்கு வருவதை மட்டும் மலைக்கு அனுப்பும். ஒரு கருவி இடம் மாறிப் பேசினால் உடனே திருத்திக்கொள்ளும். கொஞ்ச நேரம் பேச்சே இல்லையென்றால் மறந்துவிடும்.

இதையெல்லாம் என் போனில் பார்க்கலாம். எங்கள் கருவிகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தேன். ஒருநாள் பெயரில்லாத ஒன்று மலைப்பக்கம் தெரிந்தது. சாயங்காலம் இவரையும் பறிப்பு ஆட்களையும் ஏற்றிப் போன எங்கள் ஜீப்பு இறங்கியதும் அதுவும் வீட்டுப்பக்கம் வந்துவிட்டது. மறுநாளும் ஜீப்போடு ஏறி, ஜீப்போடு இறங்கியது.

"அந்த டிரைவர் மேல ஒரு கண்ணு வைங்க," என்றேன்.

"பாவம், அவன் சோலியப் பாத்துட்டுப் போறான். விடு," என்றார் அவர். லேசில் யாரையும் பாவம் என்று சொல்லுகிற ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை பறிப்பு கிடையாது. ஜீப்பும் ஓடாது, டிரைவரும் வரமாட்டார். ஆனால் அந்தக் கருவி காலையிலிருந்தே வீட்டுப்பக்கம் இருந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான். வேலியே பயிரை மேய்கிறதா?

அவர் குளிக்கப் போனதும் அவருடைய மலைப்பையைத் திறந்தேன். அட்டைக்கடிக்கு உப்பும் புகையிலையும் வைக்கிற பை. அந்த நெடிக்கு நான் தொடவே மாட்டேன், அது அவருக்குத் தெரியும். புகையிலைக்கு அடியில் என் பழைய போன் இருந்தது. கேமரா வைப்பதற்கு முன்பே, மூலை உடைந்ததென்று நான் அலமாரியில் போட்டது. எனக்கு வருகிற செய்தியெல்லாம் அதிலும் வந்துகொண்டிருந்தது. தேவாரம் ஊரிலிருக்கும் என் அண்ணனுக்கு நான் எழுதியது திறந்தே கிடந்தது. மலையும் யானையும் போதும், இவருக்குத் தெரியாமல் தோட்டத்தை விலைக்கு வாங்க ஆள் பார் என்று எழுதியிருந்தேன்.

ஈரத்தலையோடு வந்து நின்றார். எனக்கு ஆத்திரமும் வெட்கமும் ஒன்றாக வந்தது.

"என்னைய வேவு பாத்தீகளா?"

அவர் உப்புப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நீயாச் சொல்லுவ, சொல்லுவன்னு இருந்தேன். நாளைக்கு ஏலக்கன்னு நட ஆளுக வருது. நடச் சொல்லவா, வேணாமா?"