தானாக அடிக்கும் பெல்

சட்டைக் காலர் தைப்பதில் அந்தத் தையல்காரியை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை. வாயைத் திறந்தால் மட்டும் ஊசி குத்தும். ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய அக்கா அவசரத்தில் "போறேன்டி" என்றுவிட்டாள்.

"போறேனா? வாயில நல்ல வார்த்தையே வராதா? போயிட்டு வரேன்னு சொல்லுக்கா."

"சரி தாயே, வரேன். வராம எங்க போகப் போறேன்?"

படிக்கட்டில் சிரிப்பு இறங்கிப் போனது. சாயங்காலம் பஸ் கவிழ்ந்தது. செத்துப் போனவர்களில் அக்காவும் ஒருத்தி.

அந்த மாதமே காலிங் பெல் தானாக அடிக்க ஆரம்பித்தது. அக்கா திரும்பும் நேரம்தான் என்றில்லை. மத்தியானம் அடிக்கும், குளிக்கும்போது அடிக்கும். தையல்காரி மிஷினை நிறுத்துவாள். எழுந்து போகமாட்டாள். "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி மிதிப்பாள்.

கட்டடம் முழுக்க அதே கம்பெனி பெல்லை மாட்டியவர் கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன். எல்லா வீட்டிலும் இதே கூத்து. ஒரு வீட்டில் பெல் சூடேறிச் சுவரே கருகிவிட்டது. வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து கம்பெனிமேல் வழக்குப் போடுகிறோம் என்று அவளையும் வக்கீலம்மாவிடம் அழைத்துப் போனார்.

"மாட்டினவன் சரியில்லைங்கிறான் கம்பெனிக்காரன். நான் மாட்டின பெல் எனக்கே சங்கு ஊதுது தங்கச்சி. நீயும் சொன்னாத்தான் என் பேர் பிழைக்கும்."

வக்கீலம்மா பேனாவைத் திறந்தார். "ஒரே வாக்கியம்தாங்க. பெல் அடிச்சப்ப வாசல்ல யாரும் இல்லை. சொல்லலாம் இல்ல?"

"தெரியலைங்க."

"தெரியலைன்னா?"

"ஒரு தடவைகூட நான் கதவைத் திறந்து பார்க்கலைங்க."

எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, பெல் அடிச்சா கதவைத் திறக்கிறதுதானே உலக வழக்கம்?"

"அடுத்த தடவை திறந்து பாருங்க. பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க" என்றார் வக்கீலம்மா.

மறுநாள் மத்தியானம் அடித்தது. அவள் "வா" சொல்லவில்லை. கீழ்வீட்டு அண்ணனின் முகத்தை நினைத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

படிக்கட்டில் வெயில். எதிர்வீட்டுச் செருப்புகள். மேலும் கீழும் நன்றாகப் பார்த்தாள், ஒருவரும் இல்லை. கதவைச் சாத்தத் திரும்பியபோதுதான் கவனித்தாள்: ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழிவிட்டு, தான் சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள். எப்போது ஒதுங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

போன் போட்டாள்.

"சொல்லுங்க, யாராவது இருந்தாங்களா?"

"ஒரு நிமிஷம் இருங்க."

வீட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். அங்கே போய், அதுவும் போனைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சொன்னாள்:

"யாரும் இல்லைங்க."