சாத்திச் சாப்பிடும் வீடு

லியோனிசா ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் கணவனுக்குச் சோறு ஊட்டுவாள். அந்தக் கடலோர ஊரில், சாப்பிடும் நேரத்தில் வாசல் வழியே போகிறவரைச் சாப்பிடக் கூப்பிடாமல் விடுவதே மரியாதைக் குறைவு. சாத்திக்கொண்டு சாப்பிடுவது அதைவிட மோசம். ஹெர்மோவுக்கு நோய் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காக ஊரையே ஒதுக்குவதா என்று அக்கம்பக்கத்தார் மூன்று வருடமாக அந்தப் படியை மிதிக்கவில்லை.

ஹெர்மோவுக்கு வயது நாற்பத்தொன்று. அவனுடைய தாய்மாமன்கள் இருவரைக் கொண்டுபோன அதே நோய், முதலில் கழுத்தை முறுக்கி, பிறகு தாடையைப் பிடித்துக்கொண்டது. நாக்கு தானாக வெளியே வந்து பாதிச் சோற்றைத் தள்ளிவிடும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு மணி நேரம். தான் சாப்பிடுவதை வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று அவன் வாங்கிய சத்தியத்தில் அவளும் உள்ளே அடைபட்டுப் போனாள்.

சனிக்கிழமை மகள் ரியாலினின் பள்ளியில் பட்டமளிப்பு. பெற்றவர் மேடையேறிப் பிள்ளையின் கழுத்தில் பதக்கம் போட வேண்டும். அரை நாள் யாராவது இவனோடு இருந்தால் போதும்.

வியாழன் மதியம் லியோனிசா ஜன்னலைத் திறந்து, மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சியோனியை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டாள்.

"மானாங், வாங்க, சாப்பிடலாம்."

சியோனி நின்றாள். "இன்னிக்குத்தான் உங்க வீட்ல உலை வெச்சீங்களாக்கும்?"

ஆனாலும் வந்தாள். உள்ளே பார்த்தவள் கூடையை இறக்கி வைக்கவும் மறந்து நின்றாள். ஹெர்மோ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். வாசலுக்கு வந்ததும் லியோனிசா பட்டமளிப்பைப் பற்றிச் சொல்ல, சனிக்கிழமை அவனோடு தான் இருப்பதாகச் சியோனி தணிந்த குரலில் சொன்னாள்.

சனிக்கிழமை லியோனிசா நீல கவுனைப் போட்டுக்கொண்டு தயாரானாள். மாத்திரைக்கு முன் அவன் வயிற்றில் கஞ்சி இறங்க வேண்டும். சியோனி கரண்டியை நீட்டினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. மறுபடி நீட்டினாள். இது நோய் மூடிய வாய் இல்லை என்று லியோனிசாவுக்குத் தெரிந்தது. தெருமுனையில் பள்ளிப் பக்கம் போகும் ஜீப்னி வண்டி இரண்டு முறை ஹாரன் அடித்தது.

அவள் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"நான் போறேன், இண்டாய்," என்றாள் சியோனி, தங்கையை அழைப்பதுபோல. "மேடையில புள்ள தனியா நிக்கக் கூடாது. உன் செருப்பக் குடு, என்னுது மீன் நாத்தம்."

லியோனிசா கழற்றிக் கொடுத்தாள். வண்டி கிளம்பியது. அவள் நீட்டிய முதல் கரண்டிக்கே அவன் வாயைத் திறந்தான். கண்ணில் நீர் வழிய ஏதோ சொல்ல வந்தான். கஞ்சி தாடையில் இறங்கியது.

"பேசாத, ஹெர்மோ. முதல்ல முழுங்கு."

கிண்ணத்தில் இன்னும் முக்கால்வாசி இருந்தது.