சும்மா திரும்பி வரத்தான்

மண்சரிவு எச்சரிக்கை வந்துவிட்டால் எங்கள் மதினி, தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்தபடி லயத்தை விட்டு இறங்கிவிடுவார். ஹாலிஎலைக்கு மேலே, மலைக்கு முதுகு கொடுத்து வரிசையாய் ஒட்டி நிற்கிற தோட்டத்து வீடுகள், எங்கள் லயம். கீழே, வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் இரவைக் கழித்து, விடிந்ததும் நனைந்துகொண்டே திரும்புவார். மலை அசைந்திருக்காது. "முழுக்க நனைஞ்சவளுக்கு முக்காடு எதுக்கு?" என்று அண்ணன் வாசலில் நின்று கேட்பார். அதற்கும் சிரித்துக்கொண்டே தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுகிற மனுஷி.

நான் பதுளைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வேன் ஓட்டுகிறவன். வானிலைத் தகவல் சனங்களுக்கு எப்படிப் பயன்படுகிறது என்று படிப்பிக்கிற சேர், யாழ்ப்பாணத்துக்காரர், மாணவர்களை ஒருநாள் அந்த லயத்துக்கே கூட்டிவந்தார். நல்ல மனுஷர்தான். எச்சரிக்கையை யார் நம்புகிறார்கள் என்று ஆள் ஆளாக விசாரித்து, மதினியிடம் வந்தார்.

"நீங்கள் ஒவ்வொருமுறையும் போறியள். ஒண்டும் நடக்கேல்ல. சும்மாதானே திரும்பி வாறியள்?"

"ஆமாங்க சேர். சும்மா திரும்பி வரத்தாங்க போறது."

மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் அதைப் போனில் வீடியோ பிடித்து நெட்டில் போட்டும் விட்டான். அந்தக் கிழமையே தோட்டத்துப் போன்களுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் நின்றால், "என்னா அக்கா, இன்னிக்கும் சும்மாவா?" மலையில் கொழுந்தெடுக்கும்போது பக்கத்து நிரையிலிருந்தும் அதே கேள்வி. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் தோட்டத்தில் மூடிப்போனது மதினியின் வாய்.

அடுத்த அடைமழைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. அண்ணன் தேயிலை ஃபெக்டரியில் ராத்திரி வேலைக்கு நின்றார். மதினி பிள்ளைகளை என் பெண்சாதி கையில் பிடித்துக் கொடுத்தார். "நீ கூட்டிட்டுப் போ தங்கச்சி. நான் வரல. காலைல பெரட்டுல சிரிப்பானுங்க."

பெரட்டுக்கு முன்னாலேயே மலை இறங்கிவிட்டது. இடுப்பளவு சேற்றில் நின்று தேடியவர்களில், சிரித்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள்.

இந்த வருஷம் வந்த புதுப் பிள்ளைகளுக்கு சேர் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். வேன் சாவி கொடுக்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். திரையில் மதினி பேசினார். வகுப்பு சிரித்தது. அது அடங்கும்வரை காத்திருந்து, அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை என்றார் சேர். "எச்சரிக்கை சரியாய்த்தான் போய்ச் சேர்ந்தது. சனத்தின்ர சிரிப்புத்தான் அவவை மறிச்சது. இதைத்தான் நீங்கள் விளங்கவேணும்."

முன்வரிசையில் ஒரு பிள்ளை கை உயர்த்தியது.

"சேர், இது எக்ஸாமுக்கு வருமா?"

"கட்டாயம் வரும்."

எல்லோரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள்.