சுவருக்கு அப்பால் ஒன்பதடி

இது நடந்தது. நான் கட்டடம் அளப்பவள். ஓர் அங்குலம் பிசகினால் என் பிழைப்பு போச்சு. கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் ஹாக்ஸ்மியர் என்ற பழைய பிரபு மாளிகை. நானூறு வருஷத்துக் கல் கட்டடம். பிரபு குடும்பம் நொடித்துப்போய் வீடு கைமாறியிருந்தது. புதிதாக வாங்கிய பார்ஜட்டர் அம்மாள், மாடித் தாழ்வாரத்தின் கடைசிச் சுவரை இடித்து, அப்பால் இருந்த வெற்று வெளியில் தன் பிள்ளைகளுக்கு அறை கட்ட நினைத்தாள். அளக்கப் போனது நானும் என்னோடு வேலை பார்க்கும் டன்ஸ்டனும். டிசம்பர் மாதம். பிற்பகல் 3.40. அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. தாழ்வாரத்தில் விளக்கு இல்லை.

டேப்பின் சுருள் என் கையில்; டன்ஸ்டன் அதன் நுனியோடு நடந்தான்.

"சுவரைத் தொட்டதும் ரெண்டு தடவை இழு."

"உத்தரவு மகாராணி."

இருட்டு அவனை விழுங்கியது. சிறிது நேரம் கழித்து இரண்டு இழுப்பு. டேப்பைப் பார்த்தேன். 41 அடி.

காலையில் இதே நீளத்தைக் கட்டடத்தின் வெளிப்பக்கம் அளந்தபோது 32 அடிதான்.

"டன்ஸ்டன், தப்பு. இன்னொரு தடவை!"

பதிலுக்கு இரண்டு இழுப்பு.

41 அடி.

"காது அடைச்சுப் போச்சா?"

மணி 3.52. என் முதுகுக்குப் பின்னால், படியில்... தட். தட். தட்.

"யாரைத் திட்டுற ஹெஸ்டர்?"

டன்ஸ்டன்!

"நீ... அங்க இல்லையா?"

"பாதி தூரத்துல கண்ணே தெரியல. டேப்பைக் கீழ போட்டுட்டு, அங்க இருந்த பின்படி வழியா இறங்கி கார்ல டார்ச் எடுக்கப் போனேன்."

என் கையில் டேப் இன்னும் விறைப்பாக நின்றது.

அவன் டார்ச்சை அடித்தான்.

கடைசியில் சுவர். டேப் கல்லுக்குள் போயிருந்தது. ஓட்டை இல்லை. விரிசல் இல்லை.

மறுபடியும் இழுப்பு.

ஒன்று...

இரண்டு...

மூன்று.

டேப்பை விட்டேன்.

சர்ர்ர்ர்...

முழு டேப்பும் சுவருக்குள் போய் மறைந்தது.

எப்படி இறங்கி ஓடினோம் என்று தெரியாது. சுவரைத் தொடாதீர்கள் என்று பார்ஜட்டர் அம்மாளிடம் கெஞ்சினேன். சிரித்தாள்.

ஒரு மாதம் கழித்து ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடமும் அதோடு சில குறிப்புகளும் கிடைத்தன. சுவருக்கு அப்பால் முன்பு ஒன்பதடி நீள அறை ஒன்று இருந்திருக்கிறது. 1741-ல் பெரியம்மை கண்ட தாதிப் பெண்ணை உள்ளே வைத்து, கதவு, சன்னல் எல்லாவற்றையும் கல்லால் அடைத்துவிட்டார்கள்.

முப்பது வருஷம் கழித்து அந்த அறையை இடித்திருக்கிறார்கள். அதுவரை ஒரு கல்லும் பெயரவில்லையாம்.

உள்ளே யாரும் இல்லை. ஓர் எலும்புகூட இல்லை.