பௌர்ணமிக்கு மறுநாள் பார்த்த பள்ளிக்கூடம்

தட்டச்சு இயந்திரத்தில் நான் பாதி அடித்திருந்த தாளை எங்கள் கண்காணிப்பாளர் உருளையைத் திருப்பி மெதுவாக வெளியே எடுத்தார். "இரும்மா, போய்ப் பார்த்துட்டு வந்து அடிக்கலாம்" என்றார். தொண்ணூறுகளின் கடைசி அது. வேங்கிக்கால் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் நான் தட்டச்சராகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவரோ மெத்தனக்காரர் என்று பெயர் வாங்கியவர். முட்டிவலியும், டீ ஆறிப்போய்விட்டது என்ற புலம்பலும்தான் அவரைப் பற்றி அதுவரை நான் அறிந்தவை.

அந்தத் தாள், சென்னையிலிருந்த மனித உரிமை ஆணையத்துக்கு எங்கள் அலுவலகம் அனுப்ப வேண்டிய பதில். கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு கிராமத்துப் பள்ளியில் படிக்கும் பெண்ணின் தகப்பனார் ஆணையத்துக்குப் புகார் எழுதியிருந்தார். பௌர்ணமிக் கூட்டம் மாதத்துக்கு மாதம் பெருகிவந்த காலம். பந்தோபஸ்துக்கு வரும் காவலர்கள் தங்க எங்கள் அலுவலகம் அந்தப் பள்ளியை எடுத்துக்கொடுக்கிறது, மூன்று நாள் பாடம் போகிறது, கழிப்பறை பாழாகிறது, வயதுக்கு வந்த பெண்கள் பள்ளிக்கு வர மாட்டேன் என்கிறார்கள் என்பது புகார். ஆணையம் என்றால் லாக்கப்பில் அடிபட்டவர்களுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாடம் போவதும் கழிப்பறை பாழாவதும் அதன் கணக்கில் எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை. 'கல்வி பாதிக்கப்படவில்லை' என்று எழுதி முடிக்கும்படி மேலதிகாரி சொல்லியிருந்தார்.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் காலை, டவுன் பஸ்ஸில் நாங்கள் இருவரும் போனோம். வகுப்பறைகளில் பாய்களும் எச்சில் இலைகளும் கிடந்தன. பிள்ளைகள் துடைப்பம் வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்பு புங்க மரத்தடியில் நடந்தது. எட்டாம் வகுப்பில் பெண்கள் பக்கம் ஒரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். "பின்னாடி போக முடியாதுங்க மேடம். அதான் வர்ல. நானும் காலைல இருந்து தண்ணி குடிக்கல" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கண்காணிப்பாளர் தலைமையாசிரியையிடம் வருகைப் பதிவேட்டை வாங்கி, ஒவ்வொரு மாதப் பக்கமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். முட்டி வலிக்கிறது என்று அன்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

திரும்பி வந்து பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். நான் அடித்தேன். மேலதிகாரி படித்துவிட்டுத் தாளைத் தள்ளி வைத்தார்.

"என்னங்க, நம்ம மேலயே நாம எழுதிக்கிறதா?"

"அவங்க சென்னைல இருக்காங்க சார். நாம எழுதினாத்தான் அவங்களுக்குத் தெரியும். இல்லனு எழுதிட்டா அதோட முடிஞ்சிடும்."

மேலதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீயும் பார்த்தியாம்மா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் அந்தத் தாள் அங்கேயே கிழிந்திருக்கும். என் வேலை நிரந்தரமாவதற்கான கோப்பு அவர் மேசையில்தான் இருந்தது. "பார்த்தேன் சார். அந்தப் பொண்ணுகிட்ட நான்தான் பேசினேன்" என்றேன். அவர் தள்ளி வைத்த தாளை மறுபடி இழுத்து இன்னொரு முறை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அவரும் இரண்டு பெண்களின் தகப்பனார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. என் கோப்பும் அதற்குரிய நாளில் கையெழுத்தாகி வந்தது.

ஆணையம் இரு தரப்பையும் அழைத்து விசாரித்தது. பள்ளியை இனி எடுக்கக் கூடாது, தங்குவதற்குத் தனிக் கொட்டகை போட வேண்டும், கழிப்பறையைக் கட்டிக் குழாய் இழுத்துத் தர வேண்டும் என்று பரிந்துரை வந்தது. எங்கள் அலுவலகமே அதை முன்னின்று நடத்த வேண்டியதாயிற்று. ஓராண்டுக்குமேல் இழுத்தது என்றாலும் நடந்தது.

கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றபின் ஒரு பௌர்ணமியன்று பிற்பகலில் நான் மலை சுற்றப் போனேன். பள்ளியின் கதவு சாத்தியிருந்தது. பையோடு வந்த ஒரு காவலரிடம் வாசலில் நின்ற ஆயா, "உள்ள பசங்க பரீட்சை எழுதுறாங்க சார். கொட்டாய் அந்தாண்ட இருக்குது" என்று கைகாட்டினார். காவலர் மறுபேச்சில்லாமல் அந்தப் பக்கம் போனார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. மறுநாளே கண்காணிப்பாளர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"குழாய்ல தண்ணி வருதா?" என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அதற்காகவே பஸ் ஏறிப் போனேன். வந்தது.