மூணு கையால டேப்பட் பார்த்தது

என் வீட்டுக்காரர் எனக்கு நன்றி சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியதில் பாதி கத்தல். குழம்பில் உப்பு கூடினால் கத்தல், நான் கிளட்ச் மிதிக்கிற விதத்துக்குக் கத்தல், காடிக் கதவை ஓங்கிச் சாத்தினால் அன்றைக்கு முழுக்கக் கத்தல். நான் மட்டும் சளைத்தவளா? திருப்பிக் கொடுப்பேன். டத்தோ கிராமாட்டில் எங்கள் வரிசை வீடுகளில் எங்கள் சண்டை கேட்காத நாளில், பக்கத்து வீட்டுச் சீன அக்கா வந்து "உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்.

போன வருஷம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை மரத்துப்போனது. பேச்சு கொஞ்ச நாளில் திரும்பிவிட்டது. ஆனால் திரும்பிய பேச்சு அவருடையதாக இல்லை. "நன்றிம்மா." "உனக்கு ஏன்மா சிரமம்." "உன் இஷ்டம்மா." லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவர் மாதிரி என் வீட்டில் இருந்தார். டாக்டர் நல்ல முன்னேற்றம் என்றார். மகன் கோலாலம்பூரிலிருந்து போன் பண்ணி, "அப்பா இப்ப எவ்ளோ சாந்தமா இருக்காரு லா" என்று சந்தோஷப்பட்டான். போடா, உனக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு என் மனுஷன் வேண்டும். கத்துகிற மனுஷன்.

கைப்பயிற்சிக்கு அவரை நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். எங்கள் காடி, பழைய கார், மகனைவிட மூத்தது. சிவப்பு விளக்கில் நின்றால் பானெட்டுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. டேப்பட் சத்தம். முன்னெல்லாம் அது லேசாகக் கேட்டாலே சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்து போய்விடுவார். இப்போது ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, டேப்பட் சத்தம் போடுது. போமன்கிட்ட விட்டுடவா?" என்று வேண்டுமென்றேதான் கேட்டேன். அந்த இன்ஜினை வேறு எந்த மெக்கானிக்கும் தொட்டதில்லை. தொட விட்டதில்லை இவர்.

"உன் இஷ்டம்மா" என்றார்.

"போமனும் வேணாம், ஒண்ணும் வேணாம். நானே பண்றேன். நீங்க பக்கத்துல உக்காருங்க" என்றேன்.

எனக்கு அந்த வேலை புதிதில்லை. வருஷக்கணக்காக அவருக்கு டார்ச் பிடித்தவள் நான். "வால்வுக்கு அடி, என் மூஞ்சிக்கு அடிக்காதே" என்று திட்டு வாங்கி வாங்கியே கற்றுக்கொண்டேன். வால்வின் நுனிக்கும் அதை அழுத்துகிற இரும்புக் கைக்கும் நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் டிக் டிக். குறைந்தால் சத்தமே வராது, உள்ளே வால்வு கருகும். அதை அளக்க, பீலர் கேஜ் என்று மெல்லிய தகடு. எங்கள் இன்ஜினுக்கு இதையெல்லாம் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவள் என்ன செய்தேன்? வெள்ளிக்கிழமை காலை, காடியில் கை வைக்கப் போகிறோமே என்று குளித்துவிட்டு வந்து, முன்னால் பூ வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பழக்கதோஷத்தில் சாவியைத் திருப்பி இன்ஜினைக் கிளப்பிவிட்டேன். காடியை முன்னால் நகர்த்திப் பழத்தை நசுக்கி, இன்ஜின் ஓட ஓட நிதானமாகச் சூடமும் காட்டினேன். அணைத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. அடி என் அறிவே!

அவர் மெதுவாக நடந்து வந்து இடது கையை இன்ஜின் மேல் வைத்தார். சட்டென்று எடுத்தார். சூடத்தட்டைப் பார்த்தார். திட்டு வரட்டும், நல்லா வரட்டும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"பரவாயில்லைம்மா, ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

நசுங்கிய எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். இனி இப்படித்தான் போலிருக்கு என்று தோன்றிவிட்டது.

சாயங்காலம் இன்ஜின் ஜில்லென்று ஆனதும் மறுபடி கூப்பிட்டேன், வந்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, மேல் மூடியைத் திறந்தேன். இது தனி ஆளாகச் செய்தால் உயிரை வாங்குகிற வேலை. ஸ்க்ரூவை ஒரு கை அசையாமல் பிடிக்க வேண்டும், இன்னொரு கை நட்டை இறுக்க வேண்டும், தகட்டை இழுத்துப் பார்க்க இன்னொரு கை வேண்டும். அவர் தனியாகச் செய்த காலத்தில் தகட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு எத்தனை முறை என்னைத் திட்டியிருக்கிறார்! இப்போது என்னிடம் இரண்டு கை, அவரிடம் ஒன்று. நான் ஸ்க்ரூவும் நட்டும். அவர் இடது கையால் தகட்டை நுழைத்து, "கொஞ்சம் இறுக்கும்மா... போதும்மா" என்றார். இந்த "ம்மா"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி வால்வுக்கு வரும்போது என் இடுப்பு விட்டுப்போனது. நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு தடவை தகடு விட்டுப் பார்க்க வேண்டும். "சரியாத்தான் இருக்குங்க" என்று ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டேன்.

"நீ சொன்னா சரிம்மா" என்றார்.

எல்லாவற்றையும் மாட்டிச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சீராக ஓடியது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். அப்புறம், ஓரத்திலிருந்து, ஒற்றையாக, டிக். டிக். டிக்.

அவர் காது விடைத்தது. கழுத்தில் நரம்பு புடைத்தது.

"கடைசி வால்வு! நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவை விட்டுட்டே! உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? திருப்பிப் பார்க்காம மூடுவாங்களாடி? காலையில சூடம் காட்டி இன்ஜினைக் கொதிக்க வெச்சே, வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப மறுபடியும் சூடாயிருச்சு. நாளைக்குத்தான் இனிமே தொட முடியும்!"

தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். பக்கத்து வீட்டு வாசலில் சீன அக்கா எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. எங்கள் குலதெய்வத்துக்கு மனசுக்குள் விழுந்து கும்பிட்டேன்.

"என்னடி இளிக்கிற? நாளைக்குக் காலையில சாவி பக்கம் போனே, காதைத் திருகிடுவேன்!"

"ஆமா, எந்தக் கையால?"

வாய் தவறி வந்துவிட்டது. அவர் குனிந்து தன் வலது கையைப் பார்த்தார். அது தொடையோரம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் கிரீஸ் பிசுக்கோடு இடது கையை நீட்டி, என் காதைப் பிடித்துத் திருகினார்.

"உனக்கு இது போதும்டி" என்றார்.