சீர்க்குடத்தில் இரண்டு முகங்கள்

விஸ்வநத்தம் விலக்கில், சாலை திரும்பும் இடத்தில், போன மாதம் ஒரு குவியாடியைக் கம்பத்தில் மாட்டியிருக்கிறார்கள். பட்டாசு லோடு ஏற்றிய லாரிகள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்காக. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் லாரி தீப்பெட்டி அளவில், வெகு தூரத்தில் இருப்பதுபோல் தெரிகிறது; அதை நம்பிக் குறுக்கே போகிறவன் செத்தான். மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டாயிரம் பிறந்த பிறகு யாருக்கும் காது கொடுக்கப் பொறுமை இல்லை. குவியாடியின் குணத்தை நான் ஐம்பது வருடத்துக்கு முன் எட்டாம் வகுப்பில் படித்தேன். படித்த வாரமே வீட்டில் சொல்லிக் காட்டவும் செய்தேன்.

அந்த ஆண்டு ஐப்பசியில் என் பெரியக்கா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றிக்கொண்டது. அறையில் இருந்த நால்வரில் இருவர்தான் வெளியே வந்தார்கள். அக்கா இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடி வந்ததால் கண் தப்பியது. கை தப்பவில்லை. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து முழங்கைவரை கட்டோடு வந்தாள். தன் முகத்தைத் தொட்டுப் பார்க்கவும் அவளுக்கு வழியில்லை.

அவள் வருவதற்கு முன்பே அப்பா சுவர்க் கண்ணாடியையும் சவரக் கண்ணாடியையும் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். முகத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்றும் எச்சரித்தார். லேசான காயந்தான், தை பிறக்கும்போது தழும்புகூட இருக்காது என்று ஒரே வாக்கியத்தை எல்லோரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். தையில்தான் அவளுக்கும் தாய்மாமனுக்கும் கல்யாணம். மாமா விருதுநகரில் பருப்பு மண்டியில் வேலை பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு அவர் வந்தபோது அக்காவின் முகம் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

கண்ணாடியை ஒளித்தவர்கள் கரண்டியை மறந்துவிட்டார்கள். அம்மா கஞ்சி ஊட்டும்போது அக்கா வாயைத் திறக்காமல் எவர்சில்வர் கரண்டியையே பார்த்தாள். பிறகு குமட்டுகிறது என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுவேளையிலிருந்து கஞ்சி பனையோலைப் பட்டையில் வந்தது.

மறுநாள் சாயங்காலம் அம்மாவும் சின்னக்காவும் தண்ணீருக்குப் போயிருந்தார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

“ஏலே, கரண்டியில பாத்தா மொகம் எப்படிலே தெரியும்?”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வாரம் சார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்தியிருந்தார். உட்பக்கம் குழியாடி, தள்ளிப் பிடித்தால் முகம் தலைகீழாகும், கண்ணை ஒட்டிக் கொண்டுபோனால் நேராகிப் பெரிதாகும். முதுகுப்பக்கம் குவியாடி, எப்போதும் நேராக, எப்போதும் சிறியதாக. மூக்கு முன்னால் இருப்பதால் அது மட்டும் புடைத்துக்கொள்ளும், காது பின்னால் ஓடிவிடும். அத்தனையும் ஒப்பித்தேன்.

“ராசாவே பாத்தாலும் கொரங்காட்டந்தான் தெரியும்க்கா.”

“அப்ப அது கரண்டி பண்ணுற வேலையா?”

“கரண்டிதான். ஒனக்கு ஒண்ணுமில்ல.”

வீட்டுக்கு வந்த பிறகு அன்றுதான் அவள் தானாக எழுந்து உட்கார்ந்தாள். கல்யாணச் சீருக்கென்று வாங்கி, புளி போட்டு விளக்கி வைத்திருந்த பித்தளைக் குடத்தைக் கொண்டுவரச் சொன்னாள்.

“இங்கன வையி. நீயும் வந்து எம்பக்கத்துல ஒட்டி ஒக்காரு.”

குடத்தின் வயிற்றில் இரண்டு முகங்கள் தெரிந்தன. என் மூக்கு கத்தரிக்காய் மாதிரி இருந்தது. அவள் மூக்கும் அப்படித்தான். நான் சிரித்தேன். ஆனால் அவளுடைய ஒரு புருவம் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. அப்பாவின் எச்சரிக்கை நினைவுக்கு வர, குடம் அந்த இடத்தில் நெளிந்திருக்கிறது என்றேன்.

“அப்படியா? எடம் மாறி ஒக்காருலே.”

மாறினோம். நெளிவு என்று நான் சொன்ன இடத்தில் இப்போது என் முகம் இருந்தது. இரண்டு புருவமும் இருந்தன, வாய் நேராக இருந்தது. வழுவழுப்பும் இழுப்பும் அவளோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்துவிட்டன. சிரிக்காமல் நேராகப் பார்க்கச் சொன்னாள். இன்னொரு தடவை மாறச் சொன்னாள். சார் செய்து காட்டிய சோதனையைவிட இது ஒழுங்காக இருந்ததில் எனக்குப் பெருமை. பெரியவர்கள் அத்தனை பேரும் தடுமாறித் தடுமாறிச் சொன்ன ஒன்றை நான் விஞ்ஞானத்தைக் கொண்டு நிலைநாட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

“போதும்லே,” என்றாள். ஆனால் குடத்தை எடுத்துப் போக விடவில்லை.

அம்மா தண்ணீரோடு உள்ளே வந்ததும் சொன்னாள்: “எம்மா, ஞாயித்துக்கெழம மாமா வந்தா எனக்குப் பேச வேண்டாம். தங்கச்சிக்குப் பேசுங்க. இந்தக் கொடமும் அவளுக்கே இருக்கட்டும்.”

வாசற்படியில் சின்னக்கா அப்படியே நின்றுவிட்டாள். இடுப்பில் இருந்த குடத்திலிருந்து தண்ணீர் தளும்பி அவள் காலில் வழிந்தது.

“ஒங்கிட்ட எவ என்னத்தச் சொன்னா?” என்றாள் அம்மா.

“யாரும் ஒண்ணும் சொல்லலம்மா.”

என் பங்கு விட்டுப்போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. முன்னால் வந்தேன். “நாந்தாம்மா சொன்னேன். வளைஞ்ச பாத்திரத்துல எல்லாருக்கும் மொகம் அப்படித்தான் தெரியும்னு. அக்கா நம்பிருச்சு.”

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்ததில் உதட்டோரத்தில் புதுத் தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. கட்டுப் போட்ட கையால் துடைக்க முடியாமல் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அம்மா முந்தானையோடு ஓடி வந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.